இருளில் எரிய வேண்டிய விளக்கு: கப்பல்களின் அவசர விளக்கும் நம் முன்னோரின் கடற்பயணமும்



கோலசிலாங்கூர் புக்கிட் மெலாவாத்தி குன்றின்மேல் வெண்ணிறமாய் நிற்கும் கலங்கரை விளக்கத்தை இவ்வட்டாரத்தில் அறியாதவர் இலர். புக்கிட் ரோத்தான், ஜெராம், ஈஜோக், பெஸ்தாரி ஜெயா ஆகிய இடங்களின் தமிழ்ப்பள்ளி மாணவர்கள் கல்விச் சுற்றுலா என்றால் முதலில் அங்கேதான் செல்வர். குரங்குகளுக்குக் கடலை கொடுப்பர், பீரங்கியின்மேல் ஏறிப் படம் எடுத்துக்கொள்வர், திரும்புவர். அவ்விளக்கு எதற்கு என்று கேட்டால், "கப்பலுக்கு வழிகாட்ட" என்று எல்லாரும் ஒருமித்துக் கூறுவர். விடை சரியானதே. நான் வகுப்பில் அதற்கடுத்து ஒரு வினா தொடுப்பதுண்டு. கரையில் விளக்கு எரிகிறது, சரி. நடுக்கடலில் கப்பலின் உள்ளே இருக்கும் விளக்குகள் எல்லாம் ஒரே நொடியில் அணைந்துபோனால், அதனுள் இருப்பவர்க்கு யார் வழிகாட்டுவது?

இவ்வினாவுக்கு விடையாக அமைந்ததே அவசர விளக்கு ஏற்பாடு. இதனைப் பொறியியலார் மட்டும் படிக்க வேண்டிய செய்தி எனப் பலரும் ஒதுக்கிவிடுகின்றனர். ஆனால் அதன் வரலாற்றைப் புரட்டினால், அதில் நம் பாட்டன் பாட்டிமார் ஓர் ஓரத்தில் நிற்பதைக் காணலாம். அவர்கள் ஏன் ஓரத்தில் நிற்க நேர்ந்தது என்பதையே இக்கட்டுரையில் சொல்ல விழைகிறேன்.

கலங்கரையும் கடல்மேடையும்

முதலில் சொல்லைப் பார்ப்போம். கலம் என்றால் கப்பல். கரைதல் என்றால் அழைத்தல். காகம் கரைகிறது என்கிறோம் அன்றோ? கலத்தை அழைக்கும் விளக்கமே கலங்கரை விளக்கம். சிலப்பதிகாரத்தில் இச்சொல் வருகிறது. அதற்கும் முற்பட்ட பெரும்பாணாற்றுப்படையில் உயர்ந்த மாடத்தில் இரவில் ஏற்றிய விளக்கு கப்பல்களைத் துறைக்கு அழைக்கும் காட்சி உண்டு. விளக்கு என்பது வெறும் ஒளி அன்று, அஃது ஓர் அழைப்பு என்பதைத் தமிழர் மிகத் தொன்மையிலேயே உணர்ந்திருந்தனர்.

நம் குன்றில் உள்ள அல்டிங்ஸ்பர்க் கலங்கரை விளக்கம் 1907ஆம் ஆண்டு ஆங்கிலேயர் காலத்தில் எழுப்பப்பட்டது. பெயரோ ஒல்லாந்தருடையது. 1784ஆம் ஆண்டு இக்கோட்டையைக் கைப்பற்றிய ஒல்லாந்தர், தம் கிழக்கிந்தியத் தலைமை ஆளுநராகிய அல்டிங் என்பாரின் பெயரை அதற்கு இட்டனர். மறு ஆண்டே சுல்தான் இப்ராகிம் கோட்டையை மீட்டார்; பெயர் மட்டும் நிலைத்துவிட்டது.

சிலாங்கூர்க் கடற்கரைக்கு அப்பால் இன்னொரு விளக்கு உண்டு. அதனை நம்மில் பலர் கண்டதில்லை. கிள்ளானுக்கு மேற்கே, மலாக்கா நீரிணையின் நடுவில் ஒரு மணல்திட்டு. அங்கு நீரின் ஆழம் ஒரு பாகம், அதாவது ஆறடி அளவே என்பதால் ஆங்கிலத்தில் 'ஒன் ஃபேதம் பேங்க்' என்றும், மலாயில் 'பெர்மாத்தாங் செடெப்பா' என்றும் பெயர் பெற்றது. பெரிய கப்பல்களுக்கு இதைவிடக் கொடிய இடம் நீரிணையில் அரிது. 1874ஆம் ஆண்டு அங்குக் கடலடியில் தூண்களை இறக்கி, அவற்றின்மேல் ஒரு மேடை அமைத்து, விளக்கு ஏற்றினர். 1907இல் அதனிடத்தில் கற்காரைத் தூண்களின்மேல் புதிய கலங்கரை விளக்கம் எழுந்தது. 1999இல் அதனருகே மற்றொன்று கட்டப்பட்டது.

இதனை இங்குக் குறிப்பிடக் காரணம் உண்டு. கடலடியில் தூண் நட்டு, மேலே மேடை கட்டி, அங்கேயே மனிதர் தங்கிப் பணி செய்வது என்பது இன்றைய எண்ணெய்த் துரப்பண மேடைகளின் அடிப்படை. நம் கரைக்கு அப்பால் அது 1874லேயே நடந்துள்ளது. அம்மேடையில் தங்கிய விளக்குக் காவலர்க்கு ஒரே கட்டளைதான்: எது நேர்ந்தாலும் விளக்கு அணையக்கூடாது. ஒரு விளக்கு பழுதுபட்டால் ஏற்ற மறுவிளக்கு ஆயத்தமாய் இருக்க வேண்டும். அவசர விளக்கின் இலக்கணம் இதுவே.

நம்மவர் வந்த கப்பல்கள்

வட சிலாங்கூர்த் தோட்டங்களின் தமிழர்களில் பெரும்பாலோரின் முன்னோர் நாகப்பட்டினத்திலோ சென்னையிலோ கப்பல் ஏறியவர்கள். பினாங்கிலோ, போர்ட் சுவெட்டன்ஹாமிலோ இறங்கி, அங்கிருந்து தோட்டங்களுக்கு அனுப்பப்பட்டார்கள். போர்ட் சுவெட்டன்ஹாம் என்பது 1901இல் திறக்கப்பட்டு, 1972இல் கிள்ளான் துறைமுகம் என்று பெயர் மாறிய அதே துறைமுகம்தான். 1907இல் இந்தியக் குடிநுழைவு நிதி ஏற்படுத்தப்பட்டபின், கங்காணி வழி ஆள் சேர்த்து இலவசப் பயணமாக அழைத்துவருவது பெருகியது. 1938இல் இந்திய அரசு தடை விதிக்கும்வரை அது தொடர்ந்தது.

அக்கப்பல்களுள் நம் முதியோர் நாவில் இன்றும் வாழ்வது 'ரஜுலா'. 1926ஆம் ஆண்டு கிளாஸ்கோ நகரில் கட்டப்பட்டு, பிரிட்டிஷ் இந்தியா நீராவிக் கப்பல் நிறுவனத்தால் சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, போர்ட் சுவெட்டன்ஹாம், சிங்கப்பூர் வழித்தடத்தில் ஓட்டப்பட்டது. உலகப் போரையும் கடந்து 1973 வரை, ஏறத்தாழ அரை நூற்றாண்டு, அஃது ஓடியது. அதன் தொடக்க காலத்தில் ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட தளப் பயணிகளை ஏற்றிச் செல்ல அதற்கு உரிமம் இருந்தது.

தளப் பயணி என்றால் யார்? நம் பாட்டிமார் 'டெக்கு' என்று சொல்வர். அவருக்கு அறை கிடையாது, படுக்கை கிடையாது. பாய் விரித்த இடமே வீடு. தகரப் பெட்டியும், மூட்டையும், குழந்தையும் அந்தப் பாயின்மேல். மேல்தளத்தில் இடம் கிடைத்தவர்க்குக் காற்றும் வானமும் உண்டு. கீழ்த்தளத்தில் இடம் கிடைத்தவர்க்குச் சுவரில் மங்கலாய் எரியும் விளக்கு ஒன்றே துணை. அவ்விளக்கு அணைந்தால் ஏணிப்படி எத்திசையில் இருக்கிறது என்று கையால் தடவித்தான் அறிய வேண்டும். ஒரு தளத்தில் பல நூறு பேர் அடுத்தடுத்துப் படுத்திருக்கும்போது, அந்நிலையை எண்ணிப் பாருங்கள்.

டைட்டானிக் கற்பித்த பாடம்

கப்பலில் எடிசனின் மின்குமிழ் விளக்கு நுழைந்தது 1880இல். எடிசன் அமைத்த விளக்குகளுடன் 'கொலம்பியா' என்னும் கப்பல் அவ்வாண்டு கடலில் இறங்கியது. எண்ணெய் விளக்கைவிட அது தூய்மையானது. தீப்பற்றும் அச்சமும் குறைவு. ஆனால் புதிய ஆபத்து ஒன்றும் உடன் வந்தது. எண்ணெய் விளக்குகள் ஒவ்வொன்றும் தனித்தனியே எரிபவை. ஒன்று அணைந்தால் மற்றொன்று எரியும். மின்விளக்குகளோ ஒரே மின்னாக்கியை நம்பி இருப்பவை. இயந்திர அறையில் நீர் புகுந்தால் கப்பல் முழுதும் ஒரே நேரத்தில் இருண்டுவிடும்.

1912 ஏப்ரல் 14 இரவு 11.40 மணிக்கு டைட்டானிக் பனிப்பாறையில் மோதியது. ஏப்ரல் 15 அதிகாலை 2.20 மணிக்கு மூழ்கியது. மூழ்குவதற்குச் சில நிமிடங்கள் முன்புவரை அதன் விளக்குகள் எரிந்துகொண்டிருந்தன. படகுகளில் ஏறித் தப்பிய எழுநூற்றுச் சொச்சம் பேரும் அவ்வொளியிலேயே படகை அடைந்தனர். முதன்மை மின்னாக்கிகள் நான்கும் கப்பலின் அடியில் இருந்தன. அவற்றோடு நீர்மட்டத்துக்கு மேலே இரண்டு சிறு அவசர மின்னாக்கிகளும் இருந்தன. கொதிகலனில் நீராவி குறையாமல் காத்த பொறியாளர்களுள் ஒருவர்கூட உயிர் தப்பவில்லை. விளக்கு எரிந்தது, அதை எரியவைத்தவர்கள் திரும்பவில்லை.

அப்பேரிடரின் விளைவாக, 1914ஆம் ஆண்டு லண்டனில் கடலில் உயிர்ப் பாதுகாப்புக்கான அனைத்துலக உடன்பாடு கையெழுத்தானது. முதல் உலகப் போரினால் அது முறையாக நடைமுறைக்கு வரவில்லை. பின்னர் 1929, 1948, 1960, 1974 என அடுத்தடுத்து உடன்பாடுகள் எழுந்தன. இன்று 'சோலாஸ்' என்று கடலோடிகள் சுருக்கமாகக் குறிப்பிடுவது 1974ஆம் ஆண்டின் உடன்பாட்டையே. கப்பலின் முதன்மை மின்சாரம் முற்றும் இழந்தபோதும் எரியத்தக்க தனி விளக்கு ஏற்பாடு வேண்டும் என்னும் கருத்து, இவ்வுடன்பாடுகளின் வழியே படிப்படியாக உறுதியான சட்டமானது.

சிம்லா விதிகள்

கவனிக்க வேண்டியது இப்பகுதியே.

1929ஆம் ஆண்டின் உடன்பாடு பயணிகள் கப்பல்களுக்குப் பல கடுமையான விதிகளை வகுத்தது. ஆயினும் அதிலேயே ஒரு கதவும் திறந்து வைக்கப்பட்டது. படுக்கை வசதியற்ற பயணிகளைப் பெருந்தொகையாக ஏற்றிச் செல்லும் கப்பல்களுக்கு, அவ்விதிகளை முழுமையாகச் செயற்படுத்துவது இயலாது என்று அரசு கருதினால், விலக்கு அளிக்கலாம். மெக்காவுக்குப் புனிதப் பயணம் செல்வோரை ஏற்றிய கப்பல்கள் இதற்கு எடுத்துக்காட்டாகக் கூறப்பட்டன. அவ்வாறு விலக்குப் பெறும் இந்தியப் பெருங்கடல் கப்பல்களுக்கென்று 1931இல் தனி விதிகள் இயற்றப்பட்டன. இந்தியாவின் மலைநகரான சிம்லாவில் உருவானமையால் அவை சிம்லா விதிகள் எனப்பட்டன.

பின்வந்த 1948, 1960 ஆண்டுகளின் உடன்பாடுகளும் அக்கதவை மூடவில்லை. சிம்லா விதிகள் காலத்துக்கு ஒவ்வாதவை ஆகிவிட்டன என்று உணர்ந்து, அவற்றுக்கு மாற்றாகத் தனிவகைப் பயணிகள் கப்பல் ஒப்பந்தம் ஒன்று 1971இல்தான் உருவானது. அது நடைமுறைக்கு வந்தது 1974 சனவரியில். ரஜுலா ஓய்வு பெற்றது 1973இல். இவ்விரு ஆண்டுகளையும் அருகருகே வைத்துப் பாருங்கள்; நான் மேலும் விளக்க வேண்டியதில்லை.

கப்பல் நிறுவனங்களின் தரப்பிலும் ஒரு வாதம் இருந்தது. அதையும் சொல்லிவிடுவதே முறை. விதிகள் அனைத்தையும் அப்படியே செயற்படுத்தினால் ஏற்றக்கூடிய ஆள்தொகை பெரிதும் குறையும், கட்டணம் உயரும், ஏழைப் பயணி கப்பலே ஏற முடியாமல் போவான் என்பது அவர்கள் கூற்று. அதில் உண்மை இல்லாமல் இல்லை. ஊரில் தாய் இறந்த செய்தி கேட்டுத் தோட்டத்துக் கூலியைச் சேர்த்து வைத்துக் கப்பலேறியவனுக்கு, டெக்குக் கட்டணம் ஒன்றே எட்டக்கூடியதாக இருந்தது. ஆயினும் அவ்விலக்கின் உள்ளே இருக்கும் தருக்கத்தை உற்று நோக்குக. ஆள் மிகுதியாக இருப்பதே பாதுகாப்பைக் குறைப்பதற்கான காரணமாகக் கொள்ளப்பட்டது! எங்கே உயிர்கள் அதிகமோ அங்கே விதி அதிகமாதல் வேண்டும் என்பதே இயல்பான அறம். இங்கோ அது தலைகீழாயிற்று. அந்தத் தலைகீழான கணக்கில் எழுதப்பட்டவர்களே நம் பாட்டன் பாட்டிமார்.

கார்பைடு விளக்கு: தோட்டத்திலும் கடலிலும்

இருளுக்கும் நம் தோட்டத்து மக்களுக்கும் உள்ள உறவு கப்பலோடு முடிந்துவிடவில்லை. பொழுது புலருமுன் பெரட்டுக்கு நின்று, விடியலுக்கு முன்பே பால் வெட்டத் தொடங்க வேண்டும். வெயில் ஏறினால் ரப்பர் மரத்தில் பால் ஓட்டம் குறைந்துவிடும். இருட்டில் வெட்டுவாய் தெரிய நெற்றியில் கட்டிக்கொண்ட விளக்குகளுள் ஒன்று கார்பைடு விளக்கு. கால்சியம் கார்பைடு கட்டியின்மேல் சொட்டுச் சொட்டாக நீர் விழுந்தால் அசிட்டிலின் என்னும் வாயு பிறக்கும். அது வெண்மையாக எரியும். நீர் பட்டால் எரியும் விளக்கு என்று மாணவர்களிடம் சொன்னால் அவர்கள் முதலில் நம்புவதில்லை.

அதே அசிட்டிலின் வாயுதான் உலகெங்கும் ஆளில்லாக் கலங்கரை விளக்கங்களையும் மிதவை விளக்குகளையும் எரியச் செய்தது. சுவீடன் நாட்டுப் பொறியாளர் குஸ்டாஃப் டாலன், பகலில் தானே அணைந்து இரவில் தானே ஏற்றிக்கொள்ளும் ஓர் அடைப்பிதழை உருவாக்கினார். டைட்டானிக் மூழ்கிய அதே 1912ஆம் ஆண்டு அவருக்கு இயற்பியலுக்கான நோபெல் பரிசு கிடைத்தது. அதே ஆண்டு ஒரு சோதனையின்போது நேர்ந்த வெடிப்பில் அவர் தம் இரு கண்களையும் இழந்தார். உலகின் கடல்களுக்கு ஒளி தந்தவர் எஞ்சிய வாழ்நாளை இருளில் கழித்தார். ஆயினும் பணியை நிறுத்தவில்லை.

கப்பலின் மிதவை வளையங்களில் கட்டப்பட்ட பழைய விளக்குகளும் இவ்வேதியியலின் உறவினரே. கார்பைடோடு கால்சியம் பாஸ்ஃபைடையும் சேர்த்து ஒரு குப்பியில் அடைத்திருப்பர். வளையத்தைக் கடலில் எறிந்தால் நீர் உள்ளே புகும். பாஸ்ஃபைடிலிருந்து எழும் வாயு காற்றுப் பட்டதும் தானே தீப்பற்றும். அத்தீயில் அசிட்டிலின் எரியும். இருண்ட கடலில் விழுந்தவன் அவ்வொளியை நோக்கி நீந்துவான். பால் வெட்டுபவரின் நெற்றியில் எரிந்த பொருளும், கடலில் தத்தளிப்பவனுக்குக் கை நீட்டிய பொருளும் ஒன்றே என்பதை நினைக்குந்தோறும் எனக்கு வியப்பு அடங்குவதில்லை. இன்று மிதவை விளக்குகள் மின்கலத்தால் இயங்குகின்றன. அவை குறைந்தது 2 மணி நேரமும், உயிர்காப்பு அங்கியில் பொருத்திய சிறு விளக்கு குறைந்தது 8 மணி நேரமும் எரிய வேண்டும் என்பது விதி.

இன்றைய ஏற்பாடு இயங்கும் முறை

இன்றைய பயணிகள் கப்பலில் முதன்மை மின்சாரம் நின்றுவிட்டால் என்ன நடக்க வேண்டும்? முதலில் மின்கல அடுக்கு விளக்குகளை உடனே ஏற்கும். இது குறைந்தது அரை மணி நேரம் தாங்க வேண்டும். அதற்குள் அவசர மின்னாக்கி தானாகவே இயங்கத் தொடங்கும். அது 45 நொடிகளுக்குள் சுமையை ஏற்க வேண்டும். பயணிகள் கப்பலில் 36 மணி நேரமும், சரக்குக் கப்பலில் 18 மணி நேரமும் அது மின்சாரம் தர வல்லதாக இருத்தல் வேண்டும். கப்பல் ஒருபக்கம் இருபத்திரண்டரை பாகை சாய்ந்திருந்தாலும் அம்மின்னாக்கி இயங்க வேண்டும்.

அதனை எங்கே வைப்பது என்பதே இதில் உயிர்நாடியான செய்தி. இயந்திர அறைக்கு வெளியே, மேல்தளத்துக்கு மேலே, திறந்தவெளியிலிருந்து எளிதில் சென்றடையத்தக்க இடத்தில் வைக்க வேண்டும். அதற்குரிய மின்விசைப் பலகையும் அதனருகிலேயே இருக்க வேண்டும். அடியில் நீர் புகுந்தாலும் தீப்பற்றினாலும் மேலே உள்ளது தப்பும் என்பதே நோக்கம். அவ்வொளி எங்கெல்லாம் விழ வேண்டும் என்பதும் வரையறுக்கப்பட்டுள்ளது: நடைவழி, படிக்கட்டு, வெளிவாயில், பயணிகள் கூடும் இடம், படகு ஏறும் இடம், படகு இறங்கும் கடற்பரப்பு. கடல்நீரின்மேலும் ஒளி விழ வேண்டும் என்று விதி எழுதியவர், இருளில் படகை இறக்கியவர்களின் துயரை நன்கு அறிந்தவராகவே இருக்க வேண்டும்.

1990 ஏப்ரலில் 'ஸ்காண்டிநேவியன் ஸ்டார்' என்னும் கப்பலில் மூண்ட தீயில் நூற்றைம்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். புகை மேலெழும்பும் இயல்புடையது. கூரையில் பதித்த விளக்குகளை அது முதலில் மறைத்துவிடும். தவழ்ந்து செல்பவனுக்கு வழி தெரிய வேண்டுமானால் ஒளி தரையருகே இருத்தல் வேண்டும். இதனால் பயணிகள் கப்பல்களின் நடைவழிகளில், தரையிலிருந்து 30 சென்டிமீட்டருக்கு மேற்படாத உயரத்தில் வழிகாட்டும் ஒளிக்கோடுகள் அமைக்கும் விதி 1990களில் வந்தது. அவற்றுள் ஒருவகை, பகலில் ஒளியை உண்டு இருளில் தானே மிளிரும் பூச்சினால் ஆனது. கம்போங் குவாந்தானில் பெரெம்பாங் மரங்களின்மேல் மினுங்கும் மின்மினிகளைக் கண்ட நம் பிள்ளைகளுக்கு, சுடாத ஒளி என்பதைத் தனியே விளக்க வேண்டியதில்லை. மின்மினியின் ஒளி அதன் உடலின் வேதிவினையால் பிறப்பது, பூச்சின் ஒளி முன்பே சேமிக்கப்பட்டது என்னும் வேறுபாட்டை மட்டும் கூறினால் போதும்.

நம் கடல்வழியில் நேர்ந்தவை

ரஜுலாவுக்குப் பின் நம்மவர் பெரிதும் நாடிய கப்பல் 'சிதம்பரம்'. 1966இல் பிரான்சில் கட்டப்பட்ட 'பாஸ்டர்' என்னும் இக்கப்பலை 1970களின் தொடக்கத்தில் இந்தியக் கப்பல் கழகம் வாங்கிப் பெயர் மாற்றியது. சென்னைக்கும் மலேசியா, சிங்கப்பூருக்கும் இடையே அது ஓடியது. பித்தளைப் பாத்திரம், காஞ்சிப் பட்டு, ஊறுகாய் ஜாடி என்று அதில் வந்திறங்கிய பொருள்கள் இன்றும் பல தோட்டத்து வீடுகளில் உள்ளன. 1985 பிப்ரவரி 12 அன்று சென்னை நோக்கிச் சென்றுகொண்டிருந்தபோது வங்கக் கடலில் அதில் தீ மூண்டது. முப்பதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். அக்கப்பல் மீண்டும் பயணிகளை ஏற்றவில்லை, அவ்வாண்டே உடைக்கப்பட்டது. நாகப்பட்டினத்து அலையையும் பினாங்கு மலையையும் ஒரே பயணத்தில் காணும் தலைமுறை அதனோடு முடிவுற்றது.

1992 ஆகஸ்டு 23 அதிகாலை இருளில், ஐந்நூறுக்கும் மேற்பட்டோருடன் மலாக்கா நீரிணையில் சென்ற 'ராயல் பசிபிக்' என்னும் உல்லாசக் கப்பல் ஒரு மீன்பிடிக் கப்பலோடு மோதி மூழ்கியது, சிலர் உயிரிழந்தனர். 1999 மே 20 அன்று அதே நீரிணையில் 'சன் விஸ்தா' கப்பலின் இயந்திர அறையில், மின்விசைப் பலகையில் தீ மூண்டது. மின்சாரம் பிறந்து பரவும் இடமே எரிந்தது. மறுநாள் அதிகாலை கப்பல் மூழ்கியது. ஆனால் அதிலிருந்த ஆயிரத்து நூறு பேர் அளவினர் அனைவரும் படகுகளில் இறங்கி உயிர் பிழைத்தனர். அவசர மின்சாரத்தை முதன்மைப் பலகையினின்று பிரித்து வேறிடத்தில் வைக்க வேண்டும் என்று சட்டம் ஏன் வற்புறுத்துகிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான விளக்கம் வேண்டுமோ?

கடல்மேடைகளின் கதையும் இதுவே. 1988 சூலை 6 இரவு வடகடலில் 'பைப்பர் ஆல்ஃபா' எண்ணெய் மேடை வெடித்து எரிந்தது; 167 பேர் மாண்டனர். அதனை ஆராய்ந்த கல்லன் பிரபுவின் அறிக்கை 1990இல் வெளிவந்தது. மேடையில் பணிபுரியும் ஒவ்வொருவர்க்கும் புகைக்கவசமும் கைவிளக்கும் தனித்தனியே வழங்கப்பட வேண்டும் என்பது அதன் பரிந்துரைகளுள் ஒன்று. மேடையின் விளக்கு அணைந்தாலும் மனிதன் கையில் ஒரு விளக்கு இருக்க வேண்டும் என்பது அதன் பொருள். எரிவாயு கசியும் இடத்தில் ஒரு சிறு பொறியும் ஆபத்தாகும் என்பதால், இம்மேடைகளின் விளக்குகள் வெடிப்பைத் தடுக்கும் கூடுகளில் அடைக்கப்பட்டிருக்கும்.

நம் மலேசியாவின் எண்ணெய் மேடைகள் திரெங்கானு, சரவாக், சபா கடற்பகுதிகளில் உள்ளன. தோட்டப்புறத் தமிழ்ப்பள்ளிகளில் பயின்ற இளைஞர் சிலர் இன்று அங்கே மின்பணியாளராகப் பணிபுரிகின்றனர். என்னிடம் படித்த ஒருவர் விடுமுறையில் வந்தபோது தம் பணியைப் பற்றிக் கூறினார். "மாதாமாதம் ஒவ்வோர் அவசர விளக்கின் கீழும் நின்று, மின்சாரத்தைத் துண்டித்து, எரிகிறதா என்று பார்த்துக் கையொப்பம் இட வேண்டும், ஐயா. எரியாத விளக்கை எரிகிறது என்று எழுதினால் அஃது ஓர் ஆளைக் கொல்வதற்குச் சமம்" என்றார். பாட்டன் கீழ்த்தளத்து இருளில் வந்தவன். பேரனோ இருளைத் தடுக்கும் பணியில் இருப்பவன். இம்மாற்றம் ஒரு தலைமுறைக்குள் தானே நிகழ்ந்ததன்று, பள்ளிக்கூடம் நிகழ்த்தியது.

நாம் கற்க வேண்டியது

இவ்வரலாற்றைப் படிக்கையில் இரண்டு செய்திகள் என் மனத்தில் நிலைக்கின்றன.

முதலாவது, பாதுகாப்பு விதி ஒவ்வொன்றின் பின்னாலும் இறந்தவர்கள் இருக்கின்றனர். தரையருகே ஒளிரும் கோட்டின் பின்னால் புகையில் வழி தவறியவர்கள். கைவிளக்கின் பின்னால் பைப்பர் ஆல்ஃபாவின் 167 பேர். விதியை வெறும் தாளாக எண்ணி மீறுவோர் அவர்களின் சாவை மீண்டும் ஒருமுறை வீணாக்குகின்றனர்.

இரண்டாவது, விதியைப் படிக்கும்போது விலக்கையும் சேர்த்துப் படிக்க வேண்டும். "அனைவர்க்கும்" என்று தொடங்கும் சட்டம், பத்தாம் வரியில் யாரை விட்டுவிடுகிறது என்று பார்ப்பதே அறிவுடைமை. அன்று விடப்பட்டவர்கள் தளப் பயணிகள். இன்றும் ஆள் மிகுதி, செலவு மிகுதி, தற்காலிகம் என்னும் காரணங்களால் பாதுகாப்புக் குறைக்கப்படும் இடங்கள் நம்மைச் சுற்றி உண்டு. வேற்று நாட்டிலிருந்து வந்து தொழிலாளர் விடுதிகளில் நெருங்கிப் படுத்திருப்போரைப் பார்க்கும்போதெல்லாம் ரஜுலாவின் கீழ்த்தளமே என் நினைவுக்கு வருகிறது. நம் பாட்டனுக்கு இழைக்கப்பட்டதை நாம் இன்னொருவர்க்கு இழைக்காதிருப்பதே அவருக்குச் செய்யும் நன்றி.

பெற்றோர்க்கும் ஆசிரியர்க்கும் ஒரு வேண்டுகோள். திரையரங்கு, மண்டபம், பேரங்காடி எங்குச் சென்றாலும் வாயிலின்மேல் 'கெலுவார்' என்று பச்சையாய் ஒளிரும் விளக்கைப் பிள்ளைகளுக்குக் காட்டுங்கள். 1984ஆம் ஆண்டின் கட்டடத் துணைச்சட்டங்கள் அதனை வேண்டுகின்றன. அது மின்சாரம் நின்றாலும் எரிய வேண்டிய விளக்கு என்று சொல்லுங்கள். எரியாமல் இருந்தால் பொறுப்பாளரிடம் எடுத்துக் கூறத் தயங்காதீர்கள். கப்பலேறி வந்த முதியோர் எவரேனும் வீட்டில் இருந்தால், டெக்கில் இரவு எப்படி இருந்தது, விளக்கு எங்கே எரிந்தது என்று கேட்டு எழுதி வையுங்கள். அவர்களின் தொகை ஆண்டுக்கு ஆண்டு குறைந்து வருகிறது. அவர்கள் சொல்லாமல் போனால் அக்கீழ்த்தளம் நமக்கு என்றென்றும் இருட்டாகவே இருக்கும்.